ஆட்டுக்கல் பாறை சொல்லும் அலை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், குமரி மாவட்டத்தின் முட்டம் பக்கத்தில் இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சிறிய மணற்கரையில் நான் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழகியதைப் பற்றி எழுதியிருந்தேன். கடலே இல்லாத சேலம் மாவட்டத்திலிருந்து அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர் குழுவினரும் நானும் எதிர்பார்க்கவில்லை. பெயர் வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): கடந்த ஓராண்டில் மூன்று முறை இரவு ரயிலில் நாகர்கோவில் சென்று, நீங்கள் குறிப்பிட்ட பகுதியை ஒட்டியே கடலில் இறங்கினேன். மூன்று முறையும் என் கைப்பேசிச் செயலி அலை உயரம் 1.2 மீட்டர் என்றே காட்டியது. முதல் முறை அருமையான அலை. இரண்டாம் முறை சுவர் போல எழுந்து மொத்தமாக ஒரே நேரத்தில் விழுந்தது. மூன்றாம் முறை கரைக்கு வந்த பிறகுதான் உடைந்தது. நான் எதை நம்புவது?

பதில்: செயலி உங்களிடம் சொன்னது கரைக்கு வெளியே, ஆழமான நீரில் அலை எப்படி இருக்கிறது என்பதை. அந்த அலை எந்த இடத்தில், எந்த வடிவத்தில் உடைய வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் தரை. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலைக்கு அது சுமார் 1.3 மீட்டர் ஆழம், அதாவது நம்மில் பலருக்கு நெஞ்சளவு நீர். அந்த ஆழம் கரைக்குச் சாய்வாக அமைந்த ஒரு மணல் திட்டின் மீது வந்தால், அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி மறு முனை வரை சீராக உரிந்துகொண்டே போகும். அதன் உடையாத தோளில்தான் நாம் சறுக்குகிறோம். திட்டு கரைக்கு நேர் இணையாகக் கிடந்தால் முழு நீளமும் ஒரே நொடியில் மடிந்து விழும். இதை அலைச்சறுக்குக்காரர்கள் 'க்ளோஸ் அவுட்' என்பார்கள், உங்களுடைய இரண்டாவது பயணத்தில் நடந்தது அதுதான். திட்டே இல்லாமல் மணல் முழுவதும் கரையோடு சேர்ந்து சரிவாகக் கிடந்தால் அலை உடைய இடமின்றிக் கரையில் வந்து அறையும். அது மூன்றாவது பயணம்.

பாறைத் தரையில் உடையும் அலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தரை பல தலைமுறைகளுக்கு மாறாது. அலையும் காற்றும் ஓதமும் (கடல்நீர் ஏறி வற்றுவது) சரியாக அமைந்தால் அதே இடத்தில் அதே வடிவத்தில்தான் உடையும். நாம் பேசிக்கொண்டிருக்கும் இடமோ பாறைக்கரையில் அகப்பட்டுக்கொண்ட மணற்கரை. இருபுறமும் பாறை முனைகள் இருப்பதால் அங்கே உள்ள மணல் ஓரளவுக்கு மூடிய பெட்டிக்குள் இருப்பது போலத்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக் கடல் அந்த மணலைக் கரையிலிருந்து வாரிக்கொண்டு போய் வெளியே ஆழத்தில் கொட்டுகிறது. பருவம் ஓய்ந்த பிறகு சிறிய, அமைதியான அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பெட்டி சிறியது என்பதால் இந்த மாற்றம் நீண்ட திறந்த கடற்கரையில் தெரிவதைவிட மிக வேகமாகத் தெரியும். மூன்று நாள் கடும் அலை போதும், திட்டு இருந்த இடம் பள்ளமாகிவிடும்.

ஆனாலும் பாறைகளால் கெடுதல் மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். அலையோடு கரைக்கு வந்து சேரும் நீர் திரும்பிப் போக வழி தேடும்போது, பெரும்பாலும் பாறை முனையை ஒட்டியே ஓர் ஓடை அறுத்துக்கொள்கிறது. அந்த ஓடைக்கும் கரை மணலுக்கும் நடுவே ஒதுங்கும் திட்டு சில வாரங்கள் அசையாமல் நிற்பதுண்டு. உங்கள் முதல் பயணம் அந்தச் சில வாரங்களுக்குள் அமைந்திருக்கிறது.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1.2 மீட்டர் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நொடிக் கணக்கில் ஓர் எண் இருந்திருக்கும். அதை நீங்கள் எழுதவில்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம் அது. 7 நொடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 76 மீட்டர். 15 நொடி அலைக்குச் சுமார் 350 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கும் என்பதால், முன்னது 38 மீட்டர் ஆழம் வரும் வரை தரையைப் பற்றிக் கவலைப்படாமல் வருகிறது. பின்னதோ 175 மீட்டர் ஆழத்திலேயே தரைக்கேற்ப வளைய ஆரம்பித்து, பாறை முனைகளை நோக்கிக் குவிந்து, கரையருகே தன் உயரத்தைக் கணிசமாகக் கூட்டிக்கொண்டு வந்து விழுகிறது. இந்த நீண்ட அலைகள் நம் நாட்டுக் காற்றில் பிறந்தவை அல்ல. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 40, 50 பாகைகளில் வீசும் புயல்களில் பிறந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் என்ற கணக்கில் பயணம் செய்து, ஐந்தாறு நாட்கள் கழித்துக் குமரிக் கரைக்கு வருகின்றன. எனவே 1.2 மீட்டர் என்ற ஒரே எண்ணுக்குள் முற்றிலும் வேறான இரண்டு கடல்கள் அடங்கியிருக்கலாம்.

செயலி சொல்லாத மணல் கணக்கை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு என் வழியைச் சொல்கிறேன். எங்கள் கரையின் கிழக்கு ஓரத்தில் நடுவில் குழி விழுந்த ஒரு பாறை இருக்கிறது. பார்ப்பதற்கு ஆட்டுக்கல் போலவே இருப்பதால் நானும் நண்பர்களும் அதை அப்படியே அழைக்கிறோம். பிப்ரவரியில் அது மணலுக்கு மேல் இரண்டு சாண் மட்டும் தெரியும். தென்மேற்குப் பருவம் ஓய்ந்ததும் போனால் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும், அடியில் வெளிர் மணல் போய்க் கருமணல் படிந்திருக்கும். (மணவாளக்குறிச்சிப் பக்கம் கனிம மணலுக்குப் பெயர் பெற்றது என்பதை அறிந்திருப்பீர்கள், எடை குறைந்த மணலை அலை வாரிக்கொண்டு போகும்போது கனமான கருமணல் தங்கிவிடுகிறது.) இரண்டு சாண் முதல் நான்கு சாண் வரை தெரிந்தால் அன்றைக்குத் திட்டு இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் தெரிந்தால் நான் பலகையை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. உங்களுக்கென்று ஒரு பாறையை நீங்களும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து அதைப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி (ஓமலூர்): காலை 6 மணிக்கு இறங்கினால் நல்ல அலை என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பிச் சரியாக ஒரு வாரம் கழித்துச் சென்றேன். பாறைகள் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. வாடகைப் பலகையின் அடித்துடுப்பு உடைந்து, அதற்கும் பணம் கட்டினேன். எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டாமா?

பதில்: வேண்டும். தவறு என்னுடையது. கடிகார நேரத்தை எழுதிய நான் ஓதத்தை எழுத மறந்துவிட்டேன்.

நம் கடற்கரையில் நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி, இரண்டு முறை வற்றும். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஏழு நாட்களில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரமாகிவிடுவதால், நான் இறங்கிய காலை 6 மணி ஓதம் ஏறி முடியும் நேரமாகவும், நீங்கள் இறங்கிய அதே காலை 6 மணி வற்றி முடியும் நேரமாகவும் அமைந்துவிட்டன. குமரிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், நெஞ்சளவு நீரில் நடக்கும் விளையாட்டுக்கு முழங்கால் அளவு நீர் குறைந்தாலே எல்லாம் மாறிவிடும். பாதி ஏற்றத்திலிருந்து முழு ஏற்றம் வரையிலான இரண்டு மூன்று மணி நேரம் விடியற்காலையில் வரும் நாட்களைப் பஞ்சாங்கம் பார்ப்பது போல முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஏன் என்றால், இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் இளங்காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது; வெயில் ஏறி 10, 11 மணிக்கெல்லாம் காற்று கடலிலிருந்து திரும்பி வீசத் தொடங்கிவிட்டால் நீர்ப்பரப்பு முழுவதும் கலைந்துபோகும்.

அடித்துடுப்புக்கு நீங்கள் கட்டிய பணத்தை ஈடுசெய்ய ஆசிரியர் சம்மதிக்கவில்லை. அடுத்த முறை சேலத்தில் சந்தித்தால் காபி என் செலவு.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் எனக்குப் பௌர்ணமி, அமாவாசையில்தான் விடுமுறை. பௌர்ணமியன்று அலை பெரிதாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: பௌர்ணமியிலும் அமாவாசையிலும் பெரிதாவது ஓதத்தின் ஏற்ற இறக்கம், அலையைப் பெரிதாக்குவது காற்று. ஆனால் அந்த நாட்களில் ஏற்றத்தின்போது நீர் வழக்கத்தைவிடக் கரைக்குள் ஏறி வருவதால், இருக்கிற அலையே பெரிதாகத் தோன்றும். வற்றத்தின்போது வழக்கமாகத் தலை காட்டாத பாறைகளும் தெரியும். கொலுசுப் பட்டறைக்கு விடுமுறை அன்றுதான் என்றால் தாராளமாகப் போங்கள், வற்றும் நேரத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

கேள்வி (வாழப்பாடி): என் மகனுக்கு வயது 16. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மேலிருந்து குதித்து நீந்துவான். கோடை விடுமுறையில் நண்பர்களோடு போய் அலைச்சறுக்குப் பழகப் போவதாகச் சொல்கிறான். பாறைகள் நிறைந்த கடலில் இது சரிவருமா? ஒரு தகப்பனாக எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, உங்கள் பயத்தில் தவறில்லை. பையனின் ஆசையிலும் தவறில்லை. ஆனால் அவன் முதன்முதலாகப் பழக வேண்டிய இடம் பாறைக்கரை அல்ல. பாறையே இல்லாத மணற்கரையில், முறையான பயிற்றுநரிடம், இடுப்பளவு நீரில் ஒரு பருவம் முழுவதும் பழகிய பிறகுதான் நான் எழுதிய மாதிரியான இடத்தைப் பற்றி நினைக்கவே வேண்டும்.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு என்று ஓர் ஆபத்து உண்டு. நானும் அயோத்தியாப்பட்டணத்துக் கிணறு ஒன்றில் நீந்திப் பழகியவன் என்பதால் சொல்கிறேன். கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்துக் கை வீச்சில் சுவர் வந்துவிடும், பிடித்துக்கொள்ளப் படியோ கயிறோ இருக்கும், நீர் நம்மை எங்கும் இழுத்துக்கொண்டு போகாது. கடலில் மூன்றுமே இல்லை. அலைகள் கொண்டுவந்த நீர் திரும்பிப் போகும் இழுவை நீரோட்டம் பாறை முனையை ஒட்டியே ஓடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? புதியவர்களின் கண்ணுக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் சற்றுக் கருத்த நிறத்தில் அலை உடையாத ஒரு பாதை போலக் கிடக்கும். அதில் இறங்கியவன் உள்ளே இழுக்கப்படும்போது, கிணற்றில் பழகிய பழக்கத்தில் நேராகக் கரையை நோக்கி மூச்சு முட்ட நீந்துவான். அது எவராலும் முடியாத காரியம். மல்லாந்து மிதந்து மூச்சை மீட்டுக்கொண்டு, கரைக்கு இணையாக, பாறைக்கு எதிர்ப்பக்கமாக நீந்தி, அலை உடைகிற இடத்தை அடைந்து, அந்த அலைகளோடு கரையேற வேண்டும். கையில் பலகை இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது.

இன்னும் சில செய்திகளை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விழும்போது தலைகீழாகப் பாயக் கூடாது. கிணற்றில் அழகாகத் தெரிகிற அந்தப் பாய்ச்சல் நெஞ்சளவு நீரில் கழுத்தை ஒடித்துவிடும். கை கால்களை விரித்துத் தட்டையாக விழுந்து, மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும். அலைக்கும் தனக்கும் நடுவே பலகையை வைக்கக் கூடாது, பாறைக்கும் அலைக்கும் நடுவே தன்னை வைக்கக் கூடாது. பாறை அருகே தலைக்கவசம் அணிவதைக் கேலி செய்யும் நண்பர்கள் இருந்தால், அந்த நண்பர்களோடு போகாமல் இருப்பதே நல்லது.

கோடை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் குமரிக் கரையில், தென்கடலில் எழுந்த நீண்ட அலைகள் உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளில், முன்னறிகுறி ஏதும் காட்டாமல் ஏறி வருவதுண்டு. கேரளத்து மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்று சொல்வார்கள். கள்ளன் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதத்தில் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் இறங்கிய பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தபோதும் அப்படிப்பட்ட எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், இந்த எச்சரிக்கைகளை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. பையன் புறப்படும் நாளின் காலையில் அதை நீங்களே பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணச்சீட்டுப் பணம் போனால் போகட்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெண் நான், வயது 34. ஆண்டுக்கு ஒரு முறைதான் கடலுக்குப் போக முடிகிறது. மலை மேல் இருந்துகொண்டே என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: சகோதரி, நிறையச் செய்யலாம். அலைச்சறுக்கில் பலகை மீது நிற்கும் நேரம் மிகக் குறைவு. குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளும் நேரமே மிகுதி. சமவெளியிலிருந்து வருபவர்கள் அரை மணியில் தோள் வலித்து ஓய்ந்துபோவதற்கு அதுதான் காரணம். ஒரு மரப் பெஞ்சின் மீது வயிற்றைப் பதித்து, மார்பை உயர்த்தி, பார்வையை முன்னே வைத்துக் கைகளை மாற்றி மாற்றி இழுங்கள். தொடக்கத்தில் மூன்று நிமிடமே கழுத்தில் தெரியும்.

எழுந்து நிற்பதற்கு உங்களிடம் எங்களிடம் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. காபி உலர்த்தும் சிமெண்டுக் களம் அறுவடை முடிந்த பிறகு காலியாகத்தானே கிடக்கும்? அதில் சுண்ணக்கட்டியால் எட்டடி நீளம், இரண்டடிக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் பலகையின் உருவத்தை வரைந்து, நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலா எலும்பின் அருகே ஊன்றி, முழங்காலைத் தரையில் வைக்காமல் ஒரே அசைவில் எழுந்து, இரு பாதங்களும் அந்த நடுக்கோட்டின் மீது குறுக்காக அமையுமாறு நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் குனிந்து பாதத்தைப் பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள். கண் போகும் திசையில்தான் பலகையும் போகும். நாளுக்கு இருபது முறை என்று ஒரு மாதம் செய்தால், கடலில் முதல் நாளை எழுந்து நிற்பதைக் கற்பதில் வீணாக்க மாட்டீர்கள்.

நீருக்குள் மூச்சடக்கும் பயிற்சியைத் தனியாக, கிணற்றிலோ குளத்திலோ, ஒருபோதும் செய்ய வேண்டாம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அவ்வளவுதான். மற்றபடி, கடல்நீர் கிணற்று நீரைவிட ஏறக்குறைய 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்பதால், உங்கள் உடல் அங்கே நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சற்று எளிதாகவே மிதக்கும்.

கேள்வி (ஏற்காடு அடிவாரம்): சக்கரப் பலகையில் ஏற்காடு மலைப்பாதையில் இறங்கிப் பழகினால் அலைச்சறுக்குக்கு உதவுமா?

பதில்: 20 கொண்டை ஊசி வளைவுகள், எதிரே பேருந்து, பக்கத்தில் பள்ளம். சமநிலைப் பயிற்சிக்கு வீட்டு மொட்டை மாடியே போதும்.

கேள்வி (ஆத்தூர்): எந்த மாதத்தில் எந்தக் கடற்கரைக்குப் போவது? சேலத்துக்காரர்களுக்குத் தக்கபடி சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் ஆத்தூர்க்காரர் என்பதால் முதல் பாடத்துக்குக் கிழக்குக் கரைதான் பக்கம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக நான்கு மணி நேரத்துக்குள் புதுச்சேரியை அடைந்துவிடலாம். அங்கும், மாமல்லபுரத்திலும், சென்னைக்குத் தெற்கே 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவளத்திலும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. கோவளத்தில் 2013 முதல் அலைச்சறுக்கு விழா நடத்தியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. ஆகஸ்டு ஏன் என்றால், தென்மேற்குப் பருவத்தின்போது தெற்கிலிருந்து வரும் அலைகள் வளைந்து கிழக்குக் கரைக்கும் வந்து சேர்கின்றன, காலையில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் புயல்களும் வரும் காலம். கிழக்குக் கரையை அப்போது மறந்துவிடுங்கள்.

குமரியின் மேற்குக் கரைக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கடல் மூர்க்கமாக இருக்கும், மணலும் இருக்காது. டிசம்பர் முதல் மார்ச் வரை மணல் திரும்பி வந்திருக்கும், காலைக் காற்றும் நன்றாக இருக்கும், ஆனால் அலையே இல்லாத நாட்கள் வரிசையாக வரும். 450 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துவிட்டுக் குளம் போல் கிடக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு எத்தனையோ. இரண்டுக்கும் நடுவே மணப்பாடு இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்சிலுவைக் கோவில் நிற்கும் மேட்டை ஒட்டிக் கடலுக்குள் நீளும் முனை அலைகளை வளைத்துக் கொடுக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து இறங்கிய ஊர் என்று பெருமையோடு சொல்வார்கள். பலகையை ரயிலில் கொண்டு போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எட்டடிப் பலகை படுக்கைக்கு நீளம் மிகுதி. நான் ஒரு முறை முயன்று, இரவு முழுவதும் மேல் படுக்கைக்காரரின் காலோடு அதைப் பங்கு போட்டுக்கொண்டு வந்தேன். அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மேட்டூர்): ஆற்று மணலை எங்கள் அணை தடுத்துவிடுவதால்தான் கடற்கரைகள் கெடுகின்றன என்று படித்தேன். நீங்கள் எழுதிய கரையும் அப்படித்தானா?

பதில்: 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட உங்கள் அணை காவிரியின் வண்டலைப் பெருமளவு பிடித்துக்கொள்வது உண்மை, அதன் விளைவைத் தேட வேண்டிய இடம் பூம்புகார்ப் பக்கத்து டெல்டாக் கரை. முட்டம் பக்கத்துக்குக் காவிரி மணல் வருவதில்லை. கடியபட்டினத்தில் கடலில் சேரும் வள்ளியாறு போன்ற சிற்றாறுகளும் கரையோரப் பாறைகளுமே அங்கே மணல் தருகின்றன. பெருமழையில் ஆற்று முகம் உடைத்துக்கொண்டு பாயும்போது வாயிலுக்கு வெளியே விசிறி போல மணல் படியும். அடுத்த சில வாரங்களுக்கு அங்கே நல்ல அலை உடைந்தால் எனக்கு வியப்பு இல்லை.

அலையை நேரடியாக மாற்றுபவை கரையிலேயே இருக்கின்றன. கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டும் தூண்டில் வளைவுகள் மணலின் ஓட்டத்தை மறிக்கின்றன. இதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு சென்னைத் துறைமுகம். 1876-இல் அதன் கட்டுமானம் தொடங்கியதற்குப் பிறகு, வடக்கு நோக்கி ஓடிய மணல் தெற்கே தேங்கி இன்றைய அகலமான மெரினாவாகவும், மணல் போய்ச் சேராத வடக்கே இராயபுரக் கரை அரிப்பாகவும் ஆனது. நான் பழகிய கரைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு தூண்டில் வளைவு வந்த பிறகு, எங்கள் திட்டு இடம் மாறிப் பாறைக்கு மிக அருகில் போய்விட்டது. படகை நிறுத்த இடமில்லாமல் தவித்த மீனவர்களுக்கு அந்த வளைவு அவசியம் என்பதால் இதை நான் புகாராகச் சொல்லவில்லை.

கேள்வி (சங்ககிரி): இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்த பிறகு அலை சரியில்லை என்றால் அந்த நாளை என்ன செய்வீர்கள்? இறங்குவதா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்?

பதில்: முதலில் அரை மணி நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து பார்ப்பேன். நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். நடுவே பத்து நிமிடம்கூடக் கடல் தூங்குவது போல இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவர்கள்தான் பெரும்பாலும் பாறையில் ஏறிக் காலைக் கிழித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இடது முழங்காலில் ஒரு தழும்பை வாங்கினேன். அந்தப் பாறை எனக்கு நன்றாகத் தெரிந்த பாறை. முந்தைய பயணத்தில் அது மணலுக்குள் முழுவதும் புதைந்திருந்தது, அதனால் அங்கே பாறை இருப்பதையே என் கால் மறந்துவிட்டது.

அடுத்து, வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் மீனவர் யாரையாவது கேட்பேன். அவர்கள் அலையைவிட நீவாட்டைப் பற்றியே முதலில் பேசுவார்கள். கடல் நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. சென்ற முறை ஒரு பெரியவர் என் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீவாடு பாறைய பாத்து ஓடுது தம்பி, இன்னைக்கு நீ எறங்கினா அங்கதான் போய் நிப்ப" என்றார். ஒரு தென்னை மட்டையை எறிந்து பார்த்தேன். அது கரையோரமாக நகர்ந்து, முனையை ஒட்டித் திரும்பி, நான் எண்ணி முடிப்பதற்குள் அலைகளைத் தாண்டி வெளியே போய்விட்டது. கரையில் நின்றே இழுக்கும் கரைமடி வலையை இழுக்கிற நேரமாக இருந்தால், அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வலையின் இரு கயிறுகளுக்கு நடுவே இறங்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அவர்களுடைய பிழைப்பு.

இறங்க முடியாத நாளில் எனக்கு வேலை இல்லாமல் போவதில்லை. நீர் நன்றாக வற்றும் நேரம் வரை காத்திருந்து, கரையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, எந்தப் பாறை எவ்வளவு தெரிகிறது, எங்கே ஓடை அறுத்திருக்கிறது, எங்கே கால் புதைகிற புது மணல் சேர்ந்திருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைப்பேன். அன்றைக்கு ஆட்டுக்கல் பாறை ஆறு சாண் தெரிந்தது. அதன் குழியில் தேங்கிய நீரில் விரல் நீளத்துக்கு இரண்டு மீன் குஞ்சுகள் அடுத்த ஏற்றத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தன. வரைந்து முடித்துவிட்டு, பலகையைத் திருப்பிக் கொடுத்து அரை நாள் வாடகையைக் கழித்துக்கொண்டு, நாகர்கோவிலில் சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலைப் பிடித்தேன்.